வானம் மந்தாரம், முகம் வாட்டம்: சொல் கேள்வி-பதில்

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். இருண்ட வானத்துக்கும் சோர்ந்த மனசுக்கும் அதில் ‘க்ளூமி’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. ‘சோகமான வானிலை’ என்று எழுதினேன். படித்தவர்கள் நெளிகிறார்கள். வேறு எப்படி எழுதலாம்?

அவர்கள் நெளிந்தது நியாயம்தான். நம் ஊரில் வானம் கறுத்தால் சோகம் வராது, சந்தோஷம்தான் வரும். வெயிலில் வெந்து கிடக்கிற மண்ணுக்கு மேகம் நல்ல சேதி. சங்க அகப்பாடல்களில் கார்காலம் முல்லைத் திணைக்கு உரியது. கார் தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தலைவன் போயிருப்பான். மேகம் வந்துவிடும், அவன் வந்திருக்க மாட்டான். அங்கே வலி காத்திருக்கும் தலைவிக்குத்தான், வானத்துக்கு இல்லை. காடு பூத்துக் கிடக்கும், அதன் நடுவே அவள் வாடிக்கொண்டிருப்பாள்.

ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லைத் தேடாதீர்கள். வானத்துக்கு மந்தாரமான, மேகம் கவிந்த, மூடிக் கிடந்த. முகத்துக்கு வாடிய, களையிழந்த, சுண்டிப்போன. வீட்டுக்கு வெறிச்சோடிய. விடாமல் தூறும் மழைக்கு ‘நசநசத்த’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘இருண்ட’, ‘மங்கிய’ இரண்டும் வானத்துக்கும் முகத்துக்கும் பொருந்தும். பேச்சு வரும் இடத்தில் ‘டல்’ என்றே விட்டுவிடுங்கள். வானம், முகம், வியாபாரம் எல்லாவற்றுக்கும் நாம் அதைத்தானே சொல்கிறோம்.

பல சமயம் அடைமொழியே தேவைப்படாது. ‘காலையிலிருந்து வானம் மூடியே கிடந்தது. அண்ணி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.’ இந்த இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் நின்றாலே போதும், வாசகருக்கு மனசு கனத்துவிடும்.

‘மப்பும் மந்தாரமும்’ என்று எழுதினால் இன்று புரியுமா? மப்பு என்றாலே குடிபோதை என்று நினைக்கிறார்களே.

புரியும். தனியாக ‘மப்பு’ என்றால்தான் தடுமாற்றம். மந்தாரத்தோடு சேர்த்து எழுதினால் வானம் என்று யாருக்கும் விளங்கும். ‘பொழுது மப்பும் மந்தாரமுமாக விடிந்தது’, ‘மப்பும் மந்தாரமுமான காலை’ இரண்டுமே சரி.

எங்கள் வீட்டில் புழங்கியது ‘மோடம்’. கோடையில் கூழ் வடகம் போடும் நாளில் அம்மா இருட்டோடு எழுந்து மாடிக்குப் போய்க் கிழக்கே பார்ப்பார். ‘மோடம் போட்டிருக்கு, அடுப்பைப் பத்த வைக்காதே’ என்று அங்கிருந்தே குரல் வரும். அன்றைக்கு வெயில் ஏமாற்றிவிட்டால் கூழ் புளித்துவிடும். அந்த ஒரு சொல்லில் மேகமும் இருந்தது, வீணாகப்போகும் அரிசி பற்றிய கவலையும் இருந்தது. உங்கள் வட்டாரச் சொல் எதுவோ அதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். ‘வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்’ என்பது வானிலை அறிக்கைக்கு உரிய நடை. வானத்தை 8 பங்காக்கி, எத்தனை பங்கை மேகம் மறைத்திருக்கிறது என்று கணக்கிடுகிறவர்களுக்கு அந்த ‘ஓரளவு’ தேவை. கதைக்குள் வந்தால் கதை அறிக்கையாகிவிடும்.

‘மங்கல வெளிச்சம்’, ‘மங்கலான வெளிச்சம்’ எது சரி?

எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மங்கல் என்றால் ஒளி குறைவு. அதோடு ‘ஆன’ சேர்ந்து ‘மங்கலான’ ஆகிறது. மங்கலம் என்பது வேறு சொல். அடுத்து ஒரு பெயர் வரும்போது அதன் கடைசி ‘ம்’ போய்விடும்: மங்கல நாண், மங்கல இசை. மெய்ப்புப் பார்க்கும்போது ‘மங்கல வெளிச்சத்தில் சடலம் கிடந்தது’ என்ற வரியைத் திருத்தியிருக்கிறேன். ‘ஆன’ விடுபட்டதில், இழவு வீட்டில் கல்யாண விளக்கு எரிந்துவிட்டது.

‘இருண்டக் காடு’ என்று ஒற்று வருமா?

வராது. ‘இருண்ட’ பெயரெச்சம், அதன்பின் வல்லினம் மிகாது. இருண்ட காடு, மங்கிய பொழுது, வாடிய பயிர். ‘மங்கலாகத் தெரிந்தது’ என்பதில் ‘ஆக’வுக்குப் பின் மிகும். ‘விடியாத பொழுது’ இயல்பாக நிற்கும். அதன் ஈறு கெட்டு ‘விடியா’ என்று நின்றால் மட்டும் ‘விடியாப் பொழுது’.

‘அவர் முகம் கறுத்தது’ என்று எழுதினேன். நிறத்தை இழிவாகச் சொல்வதாக ஒருவர் வருத்தப்பட்டார். மாற்ற வேண்டுமா?

அவருடைய வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தொடர் தோலின் நிறத்தைச் சொல்லவில்லை. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம், அதாவது இரண்டும் கோபத்தைக் குறிப்பவை. நிறத்தையும் குறிக்கும் என்பதை அடுத்த சூத்திரம்தான் சொல்கிறது. எவ்வளவு சிவந்த மேனி உள்ளவருக்கும் அவமானப்பட்டால் முகம் கறுக்கும். மாற்ற வேண்டாம். ஆனால் ‘ற’ போட்டு எழுதுங்கள்.

வேலை போனதிலிருந்து தம்பி அறைக்கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். சாப்பாடு, தூக்கம் எதுவும் சரியில்லை. மாதம் ஒன்றாகிறது. அவனைப் பற்றி எழுதும்போது ‘மன அழுத்தத்தில் இருக்கிறான்’ என்பது சரியா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ‘மனச்சோர்வு’தான் அருகில் வருகிறது. பரீட்சை, கடன், வேலை நெருக்குவது மன அழுத்தம். பத்திரிகைகளே இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன. ஒருநாள் மழைக்கு மனசு டல்லாக இருப்பதை மனச்சோர்வு என்று எழுதக் கூடாது, அதற்கு ‘மனசு சரியில்லை’, ‘ஒன்றும் ஓடவில்லை’ போதும். வாட்டமோ எதிலும் ஈடுபாடின்மையோ ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி, 2 வாரமாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரை யோசிக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டியவரும் மருத்துவர்தான். ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்த வாரமே தம்பியை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.