12 மாதமும் திறந்திருக்கும் என்றுதான் சொன்னார்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற பின் லண்டன் ஹரோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, எசெக்ஸ் கடற்கரையில் ஒரு விடுமுறைப் பார்க்கில் லொட்ஜ் (பார்க்கின் நிலத்தில் நிறுத்தி வைக்கும் விடுமுறை வீடு) வாங்கி, மூன்று வருடமாக நானும் மனைவியும் அங்கேயே வசிக்கிறோம். “12 மாதமும் திறந்திருக்கும், ஒருவரும் கேட்கமாட்டார்கள்” என்றுதான் விற்றார்கள். இப்போது வந்திருக்கும் புது நிர்வாகம், வேறு நிரந்தர முகவரி காட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்கிறது. தனியே இருக்கும் மகனின் முகவரியைக் கொடுக்கலாமா? வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, புது மனேஜரின் மரியாதைக் குறைவு பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள். அயலவர்களும் வருடம் முழுக்க அங்கேயே குடியிருக்கிறார்கள் என்பதும் உதவாது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் “விடுமுறைப் பாவனைக்கு மட்டும், பிரதான வதிவிடமாகப் பாவிக்கக்கூடாது” என்று இருக்கிறது. விசயம் அவ்வளவுதான். பார்க் 12 மாதம் திறந்திருப்பது வேறு, நீங்கள் 12 மாதம் குடியிருப்பது வேறு. 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் பாதுகாப்பு குடியிருப்பு அனுமதி உள்ள இடங்களுக்கே. கவுன்சிலிடம் சைற் லைசன்ஸின், அதாவது பார்க் நடத்த அது கொடுத்த அனுமதிப் பத்திரத்தின், பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் விடுமுறைக்கு மட்டும் என்றிருந்தால் அந்தச் சட்டம் உங்களை எட்டிப் பார்க்காது.

விற்றவர் சொன்னது ஈமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ இருந்தால் உடனே எனக்கு அனுப்புங்கள், பேரம் பேச அது பலம். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் நான் அதை நம்பி வழக்குப் போடமாட்டேன்.

என் பெரிய கவலை மகனின் முகவரி. என்னிடம் வருகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். மகன் தனியாள் என்று கவுன்சில் வரியில் 25 வீதக் கழிவு எடுக்கிறார் என்றால், நீங்கள் அங்கே வசிப்பதாகப் பார்க்குக்கு எழுதும் கடிதமும் அவர் கவுன்சிலுக்குச் சொன்னதும் ஒன்றோடொன்று மோதும். இரண்டில் ஒன்று பொய். லொட்ஜ் காப்புறுதியும் விடுமுறை வீட்டுக்கு எடுத்ததாகத்தான் இருக்கும். குளிரில் குழாய் வெடித்து இழப்பீடு கேட்டால், நிரந்தரமாகக் குடியிருந்தீர்களா என்று பார்ப்பார்கள். உங்கள் ஜீ.பி. (குடும்ப வைத்தியர்) பதிவும் ஓய்வூதியக் கடிதங்களும் எந்த முகவரியில் இருக்கின்றன? பிறகு நீதிமன்றத்தில் “நீங்களே பொய் எழுதிக் கொடுத்தீர்களே” என்று அந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கோபத்தில் பிட்ச் கட்டணத்தை (லொட்ஜ் நிற்கும் இடத்துக்குப் பார்க்குக்குக் கட்டும் பணம்) நிறுத்துவதும் வேண்டாம். ரத்துச் செய்ய அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

சமரசமாகப் போங்கள். லொட்ஜ் நிலமல்ல, கார் மாதிரி வருடா வருடம் விலை இறங்கும் பொருள். போட்ட காசு முழுதும் திரும்பாது, அதை இப்போதே மனதில் வையுங்கள். இப்படியான ஒப்பந்தங்களில் விற்கும்போது பார்க் 15 வீதம் கமிஷன் எடுப்பதுண்டு. அந்தக் கமிஷனைக் கைவிடச் சொல்லுங்கள். பார்க்கே திருப்பி வாங்குமா என்றும் கேளுங்கள். வாடகைக்கு ஒரு வீடு பார்க்க ஆறு மாத அவகாசமும், அதுவரை ரத்து நோட்டீஸ் இல்லை என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் காட்டுங்கள்.