எம்பெடெட் லினக்ஸ் படிக்க எந்த போர்ட் வாங்குவது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன் சேர். ஆர்டுயினோ போர்ட் ஓரளவு தெரியும், இனி எம்பெடெட் லினக்ஸ் (கருவிகளுக்குள் பதிந்து ஓடும் லினக்ஸ்) படிக்க விருப்பம். வீட்டில் ஒருமுறைதான் காசு கேட்கலாம். 8 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 5 என்ற சிறு கணினி போர்டை வாங்கவா, நண்பன் சொல்வதுபோல பழைய டிவி பொக்ஸில் லினக்ஸ் ஏற்றிப் பழகவா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி.

டிவி பொக்ஸுக்குப் பெரும்பாலும் சுற்று வரைபடம் கிடைக்காது. ஓடாவிட்டால் பிழை உங்களுடையதா பெட்டியினுடையதா என்று தெரியாமலே நாட்கள் போகும். ராஸ்பெரி பை 5 அருமையான கணினிதான். ஆனால் சென்சர், எல்இடி போன்றவற்றை இணைக்கும் அதன் ஜிபிஐஓ கால்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில் இருக்கின்றன; அந்தச் சிப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அதிவேக இணைப்பு வழியாக முதன்மைச் சிப்போடு இணைந்திருக்கிறது. தொடக்கத்திலேயே அந்தச் சிக்கல் எதற்கு? 8 ஜிபியும் வீண். பிஸிபொக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளை ஒரே சிறு நிரலில் தருவது) வைத்துக் கட்டிய சிறிய லினக்ஸ் 64 எம்பி நினைவகத்திலேயே ஓடும்.

என் தெரிவு பீகிள்போன் பிளாக் என்ற போர்ட். 2013இல் வந்தது, 512 எம்பி நினைவகம்தான். ஆனால் சுற்று வரைபடம் முழுவதையும் யாரும் பார்க்கலாம், சிப்பின் கையேடும் இலவசம். சிப்புக்குள் இருக்கும் ரொம் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் நிரல்) மட்டும் மாறாது. அதன்பின் வரும் எஸ்பிஎல், யூ-பூட் என்ற தொடக்க நிரல்கள், லினக்ஸின் மையமான கர்னல் எல்லாவற்றையும் நீங்களே கட்டி ஏற்றலாம். ராஸ்பெரி பையில் தொடக்கப் படிகள், மூலக் குறியீடு வெளியிடப்படாத ஃபர்ம்வேரில் நடந்து முடிந்துவிடும். எம்பெடெட் லினக்ஸ் கற்பிக்கும் பூட்லின் நிறுவனத்தின் இலவசப் பயிற்சிப் பாடங்களும் இந்த போர்டுக்கு உண்டு. இந்த போர்ட் கிடைக்காவிட்டால் 1 அல்லது 2 ஜிபி ராஸ்பெரி பை 4 போதும்.

போர்டைவிட முக்கியமானது, போர்ட் அனுப்பும் செய்திகளை லெப்டொப்பில் காட்டும் யுஎஸ்பி சீரியல் கேபிள். கர்னல் பாதியில் நின்றால் எச்டிஎம்ஐ திரை கறுப்பாகவே கிடக்கும். எந்த வரியில் நின்றது என்று சீரியலில்தான் தெரியும். 3.3 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள், 5 வோல்ட் கேபிள் போர்டின் கால்களை எரித்துவிடும். கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் வயர்) போர்டின் ஆர்எக்ஸுக்கு (பெறும் கால்), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. சிவப்பு மின் வயரைத் தொடவே வேண்டாம்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கேட்டுப் பாருங்கள். கொழும்பில் இருந்து எடுப்பதானால் கூரியர் செலவோடு மொத்த விலையையும், பழுதானால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எஸ்டி கார்டில் போலிகள் அதிகம். கையில் கிடைத்த அன்றே எஃப்3 என்ற இலவசக் கருவியால் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள்.

காசு கேட்குமுன் ஒன்று செய்யுங்கள். லெப்டொப்பில் லினக்ஸ் போட்டு, சிறிய லினக்ஸைக் கட்டித் தரும் பில்ட்ரூட் என்ற கருவியில் ஒரு சிஸ்டம் கட்டி, போர்டைப் போலவே நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளில் ஓடவிடுங்கள். அதற்கு எந்த போர்டும் வேண்டாம், பாடத்தின் பெரும்பகுதியும் அங்கேயே கிடைக்கும். இதேபோல லினக்ஸ் கட்டும் யொக்டோ என்ற பெரிய கருவியைப் பிறகு பார்க்கலாம், அது வட்டில் நிறைய இடம் கேட்கும். பில்ட்ரூட் இறக்கும் மூலக் கோப்புகளை வேறொரு கோப்புறையில் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். அடுத்தமுறை முதலிலிருந்து கட்டும்போது டேட்டா மிச்சமாகும்.