கிரேன் ஏன் சாய்கிறது? மொபைல் கிரேன் ஆபரேட்டர் ஒருவரின் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் இருப்பது 50 டன் கிரேன். தூக்க வேண்டிய எந்திரமோ 12 டன்தான். இதற்கும் கணக்குப் பார்க்க வேண்டுமா?

பதில்: இதற்குத்தான் பார்க்க வேண்டும். பெயரில் உள்ள 50 டன், பூமை (சுமையைத் தூக்கும் நீளக் கையை) முழுக்கக் குறுக்கி, கிரேனின் மேற்பகுதி சுழலும் மையத்திலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் தூக்கினால் கிடைப்பது. கொக்கி விலக விலகத் திறன் மளமளவென்று இறங்கும். 14 மீட்டர் தள்ளிப் போனால் பல 50 டன் கிரேன்களுக்கு உங்கள் 12 டன்னே அதிகம். கொக்கிக் கப்பி, ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் கயிறு), ஷாக்கிள் (அதைக் கோக்கும் இரும்பு வளையம்) எல்லாவற்றின் எடையையும் சுமையோடு கூட்டுங்கள். சுமை ஏறியதும் பூம் வளைந்து தூரம் இன்னும் கூடும். லோடு சார்ட்டில், அதாவது எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று தயாரிப்பாளர் தரும் அட்டவணையில், உங்கள் தூரம் இரண்டு வரிசைகளுக்கு நடுவே விழுந்தால், குறைந்த திறனைக் காட்டும் வரிசையையே எடுங்கள்.

கேள்வி: தரை கெட்டியாகத் தெரிகிறது. அவுட்ரிகருக்கு (கிரேனைத் தாங்க வெளியே நீளும் காலுக்கு) அடியில் பலகை போடாவிட்டால் என்ன?

பதில்: கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்த தரையில் சாய்ந்த கிரேன்கள் ஏராளம். பூம் ஒரு மூலைக்கு நேராகத் திரும்பும்போது மொத்த எடையில் பெரும்பங்கை அந்த ஒரு கால் வாங்கிக்கொள்கிறது. அந்தக் காலில் 24 டன் இறங்குகிறது, மண் சதுர மீட்டருக்கு 12 டன் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 2 சதுர மீட்டர் பரப்பு தேவை. அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சதுரப் பலகை. அதுவும் வளையாத கனத்தில் இருக்க வேண்டும். கிரேனோடு வரும் சிறிய இரும்புத் தட்டு இதற்குப் போதாது.

மண் எவ்வளவு தாங்கும் என்பதைத் தளப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அண்மையில் மூடிய பள்ளம், புதைந்த வடிகால், பழைய தொட்டி எதுவும் அடியில் உண்டா என்றும் கேளுங்கள். திறந்த பள்ளம் இருந்தால் அதன் ஆழத்தின் அளவுக்காவது விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். மண் தளர்வாக இருந்தால் இன்னும் தள்ளி.

கேள்வி: இடம் போதாததால் ஒரு பக்கத்து அவுட்ரிகரைப் பாதி மட்டும் நீட்டினோம். பூமை மறுபக்கம்தானே திருப்பப் போகிறோம்?

பதில்: பாதி நீட்டலுக்குத் தயாரிப்பாளர் தனி லோடு சார்ட் தந்திருந்தால் அதன்படி தூக்கலாம். தராவிட்டால் அந்த வேலையே வேண்டாம். "மறுபக்கம்தானே" என்று தொடங்கிய வேலையில், மாலைக்குள் யாராவது பூமை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: இரண்டு ஸ்லிங் போட்டால் ஆளுக்குப் பாதிச் சுமைதானே?

பதில்: இரண்டும் செங்குத்தாகத் தொங்கினால் மட்டும். 10 டன் சுமைக்கு, கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் 5.8 டன் இழுவிசை வரும். 45 பாகையில் 7.1, 30 பாகையில் முழு 10 டன். அதற்கும் கீழே போகாதீர்கள். நீளமான ஸ்லிங் தேடுங்கள்.

கேள்வி: திறனுக்கு மேல் சுமை போனால் எச்சரிக்கும் அலாரம் அடிக்கடி கத்துகிறது என்று எங்கள் ஆபரேட்டர் சாவியைத் திருப்பி அதை அடக்கிவிடுகிறார்.

பதில்: சாவியை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். அலாரம் ஓயாமல் கத்தினால் தூரம் அதிகம், அல்லது கருவியில் கோளாறு. இரண்டுக்குமே வேலையை நிறுத்த வேண்டும். அலாரம் அடிக்கவில்லை என்பதற்காகவும் நிம்மதி கொள்ளாதீர்கள். கால் மண்ணில் புதைவதும், சுமையைப் பக்கவாட்டில் இழுப்பதும் அதற்குத் தெரியாது.

கேள்வி: அகலமான தகடுகளைக் காற்று வீசும்போது தூக்கலாமா?

பதில்: காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கையேட்டில் உள்ள வேக வரம்பு சாதாரண வடிவச் சுமைக்கானது. தகட்டுக்கு அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். காற்றைப் பூம் நுனியில் அளக்க வேண்டும், தரையில் அல்ல.

கேள்வி: பூம் மின்கம்பியில் பட்டுவிட்டால் உடனே குதித்து ஓட வேண்டுமா?

பதில்: கூடாது. கேபினிலேயே இருங்கள், மற்றவர்களை நெருங்கவிடாதீர்கள், மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமானால், வண்டியைத் தொட்டபடி தரையில் கால் வைக்காதீர்கள். இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் சிறிது சிறிதாகத் தேய்த்தே விலகுங்கள்.