முன்னாள் மாணவரின் உதவித்தொகை: நிரந்தர நிதியா, பத்தாண்டுத் துணையா?

கேள்வி: ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த இரண்டாம் ஆண்டில், என் கட்டணத்தை முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து கட்டினார்கள். அதன் பிறகு 24 ஆண்டுகளாக வகுப்பறையில் இருக்கிறேன். அந்தக் கல்லூரியின் 10 ஆண்டுக் கட்டணத்துக்கு ஈடான தொகையைத் தனியே சேர்த்திருக்கிறேன். அசலைத் தொடாமல், அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஒருவருக்கு உதவும் நிரந்தர நிதியை ஏற்படுத்தலாமா? மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கவும் விரும்புகிறேன். என் ஓய்வுக்காலச் சேமிப்பு முக்கால் பங்குதான் முடிந்திருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நன்கொடையாகக் கொடுத்த பணத்தை, பின்னால் நோய் வந்தாலும் வேலை போனாலும் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே முழுத் தொகையையும் ஒரே நாளில் ஒப்படைக்காமல், ஆண்டுக்கு ஒரு தவணையாகக் கொடுங்கள். உங்கள் மாதச் சேமிப்பு இனி முழுவதும் ஓய்வுக்காலத்துக்கே போகட்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பணவீக்கத்தால் தேயாமல் என்றும் நிலைக்க வேண்டிய நிதியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது இத்தகைய நிதிகளை நிர்வகிப்பவர்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் அளவு. 4 சதவீதம் எடுத்தால், ஒருவரின் முழுக் கட்டணத்துக்கு அதைப்போல் 25 மடங்கு அசல் வேண்டும். உங்களிடம் இருப்பது 10 மடங்கு. அதிலிருந்து ஆண்டுக்குக் கிடைப்பது கட்டணத்தில் பத்தில் நான்கு பங்கு. மீதி ஆறு பங்கைத் திரட்ட முடியாத மாணவருக்கு அது போதாது. திரட்ட முடிந்தவரோ பெரும்பாலும் உங்கள் உதவி இல்லாமலும் சேர்ந்திருப்பார்.

அதே தொகையை அசலோடு செலவழித்துத் தீர்ப்பதென முடிவு செய்தால் நிலைமை மாறிவிடுகிறது. முதலீட்டின் வருமானம் கட்டண உயர்வைவிட 2 சதவீதம் கூடுதலாக இருந்தால், ஆண்டுக்கு ஒருவருடைய முழுக் கட்டணத்தை 11 ஆண்டுகள் கட்டலாம். கட்டண உயர்வுக்குச் சமமாக மட்டுமே வருமானம் வந்தாலும் 10 ஆண்டுகள் தாங்கும். படிப்பு இரண்டு ஆண்டுகள் என்றால், ஐந்து பேர் படித்து முடித்து ஆசிரியராகலாம். நான் பரிந்துரைப்பது இதையே.

நிரந்தரம் என்ற சொல்லுக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அமெரிக்காவின் நிறுவனர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் உயிலை நினைத்துப் பாருங்கள். இளமையில் இரண்டு நண்பர்கள் கொடுத்த கடனால் தொழிலில் காலூன்றிய அவர், அந்த நன்றிக்காக பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்குத் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்து, 1790-இல் மறைந்தார். பயிற்சி முடித்த இளம் கைவினைஞர்களுக்கு அதிலிருந்து கடன் கொடுக்க வேண்டும், நிதி 200 ஆண்டுகள் இயங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பணம் பெருகத்தான் செய்தது. ஆனால் அவர் அறிந்திருந்த தொழில் பயிலும் முறையே காலப்போக்கில் மங்கிவிட்டதால், அவர் வகுத்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் ஆட்கள் அருகிப்போனார்கள். ஆசிரியர் பயிற்சியும் மாறிக்கொண்டே இருக்கும் துறை. நீங்கள் நேரில் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய காலத்துக்குள் பணம் பயன்படுவது நல்லது.

எந்த மாதத்தில் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பயிற்சி மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சேர்க்கைக் கட்டணத்தில் அல்ல, கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் செல்லும் மாதங்களில்தான். பகல் முழுவதும் ஊதியமின்றி வகுப்பில் நிற்க வேண்டும். பகுதிநேர வேலையை விட்டுவிட நேரும். போக்குவரத்து, கற்பித்தல் கருவிகள் என்று செலவோ கூடும். முதலீட்டு வருமானம் நான் சொன்னபடி கிடைத்தால் எஞ்சும் பதினோராம் ஆண்டுத் தொகையை ஐந்து பேருக்கும் பகிர்ந்து, அந்த மாதங்களுக்கான படியாகக் கொடுங்கள். செலவு முடிந்த பின் ரசீது பார்த்துத் தருவதாக அது இருக்கக்கூடாது. பருவம் தொடங்கும்போதே கைக்கு வர வேண்டும்.

வழிகாட்டும் விருப்பத்தைத் தொகையைவிட மதிப்புள்ளதாகக் கருதுகிறேன். அமெரிக்காவில் புதிய ஆசிரியர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் பணியை விட்டுவிடுகிறார்கள் என்று ரிச்சர்ட் இங்கர்சாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் மூத்தவர் ஒருவரின் துணை கிடைத்தவர்கள் பணியில் நிலைப்பது கூடுதல் என்பதையும் அவர் தொகுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை காட்டுகின்றன. எனவே பட்டம் பெற்ற நாளோடு உங்கள் துணை முடிந்துவிடாமல், வேலையின் முதல் இரண்டு ஆண்டுகள்வரை நீளட்டும். 24 ஆண்டு அனுபவத்தில் நீங்கள் அறிந்த பாடத்திட்டக் குறிப்பு, அடங்காத வகுப்பு, பெற்றோர் சந்திப்பு ஆகியவை புதியவருக்கு அப்போதுதான் தேவைப்படும்.

ஆனால் வழிகாட்டியாகவும் பணம் கொடுப்பதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பவராகவும் ஒருவரே இருக்கக்கூடாது. தேர்வில் தவறியதையோ, படிப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுவதையோ, அடுத்த தவணையைக் கையில் வைத்திருப்பவரிடம் எந்த மாணவரும் மனம் திறந்து சொல்லமாட்டார். தேர்வும் புதுப்பித்தலும் கல்லூரிக் குழுவிடம் இருக்கட்டும்.

ஆசிரியராகவே பணியாற்ற வேண்டும், இல்லையேல் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்த்துவிடுங்கள். ஆசிரியராகப் படிப்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் 'டீச்' மானியம், படிப்புக்குப் பின் எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் குறிப்பிட்ட பள்ளிகளில் கற்பிக்கத் தவறினால் வட்டியோடு கடனாகிவிடும். ஒழுங்காகக் கற்பித்துக்கொண்டிருந்த பலருக்கும், சான்றுப் படிவம் தாமதமானதால் மட்டுமே அந்தக் கடன் ஏற்பட்டு, பின்னர் அரசே அதைத் திருத்த நேர்ந்தது. ஐந்து பேரில் ஒருவர் வேறு துறைக்குப் போகலாம். அதை இப்போதே ஏற்றுக்கொண்டு கொடுங்கள்.

வரிச்சலுகை, கல்லூரியின் பதிவையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் தவணைக்கு முன் கல்லூரியிடமிருந்து எழுத்தில் பெற வேண்டியவை: தேர்வு செய்பவர் யார், அந்தப் படிப்பு நின்றுவிட்டால் மீதித் தவணைகள் எதற்குப் போகும், உங்கள் உதவி கிடைத்தது என்பதற்காக அந்த மாணவருக்குக் கல்லூரி ஏற்கெனவே தரும் சலுகையைக் குறைக்குமா. மூன்றாவது கேள்விக்கு 'குறைக்கமாட்டோம்' என்ற பதில் வராவிட்டால், கட்டணத்தைத் தொடாமல் முழுத் தொகையையும் பயிற்சிக்காலப் படியாகவே கொடுக்கலாம்.