பல் வரிசை, தாடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பையனுக்கு 7 வயது. கீழ் வரிசையில் பால் பல் விழாமலே பின்னால் புதுப் பல் முளைக்கிறது. இரட்டை வரிசையாகவே நின்றுவிடுமா? (கோட்டையூர்)

நிற்காது. பால் பல் ஆடினால் விட்டுவிடுங்கள். அது விழுந்ததும் நாக்கே புதுப் பல்லை முன்னுக்குத் தள்ளும். 2, 3 மாதமாகியும் ஆடவே இல்லை என்றால் பிடுங்கச் சொல்லுங்கள். கிளிப் பேச்சுக்கு இப்போது வேலையில்லை.

மகளுக்கு 9 வயது. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி. (புதுவயல்)

கோரைப்பல் 11, 12 வயதில் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். 10 வயதில் மேல் ஈறை விரலால் தடவிப் பாருங்கள். கோரைப்பல்லின் புடைப்பு இரண்டு பக்கமும் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்ரே.

பையனுக்குக் கீழ்த்தாடை உள்ளே போயிருக்கிறது. கிளிப் போட்டால் சரியாகுமா, எவ்வளவு ஆகும்? (காரைக்குடி)

செலவைக் கேட்கத் தெரிந்தவர் வயதை எழுதவில்லை. எத்தனை முறை சொல்வது? 12, 13 என்றால் ட்வின் பிளாக் மாதிரி கழற்றி மாட்டும் சாதனம், தினம் 20 மணி நேரமாவது, ஒரு வருடம் போல. 20 என்றால் தாடை வளர்ந்து முடிந்தது; பல்லை மட்டும் நகர்த்திச் சமாளிக்கலாம், இல்லையேல் அறுவை சிகிச்சை. இரண்டுக்கும் செலவு மலையும் மடுவும். வயதோடு எழுதுங்கள்.

மகளுக்கு 12 வயது. மேல்பல் தூக்கலாக இருக்கிறது. வகுப்பில் 'எத்துப்பல்' என்றே கூப்பிடுகிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். ஆண்டு விழாவில் பேசப் பெயர் கொடுக்க மாட்டேன் என்கிறாள். மாமியாரோ, கல்யாணம் நிச்சயமாகட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். (தேவகோட்டை)

இந்தக் கல்யாணக் கணக்கு நம் பக்கத்தில் ஒழியவே ஒழியாதா? பெண் என்றால் 'நிச்சயமாகட்டும்', பையன் என்றால் 'ஆம்பளைக்கு எதற்கு'. நடுவில் பத்து வருடம் வகுப்பில் உட்கார்ந்து கேலி கேட்பது அந்தப் பிள்ளைதானே?

முதலில் தாடை. பெண் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை வேகமாக வளர்வது 10-லிருந்து 13 வயதுக்குள். வயதுக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான் அதன் உச்சம். கீழ்த்தாடை பின்தங்கியதால் மேல்பல் தூக்கலாகத் தெரிந்தால், கழற்றி மாட்டும் சாதனம் இந்த வளர்ச்சியோடு சேர்ந்துதான் வேலை செய்யும். உங்கள் மகள் அதன் வாசலில் நிற்கிறாள், அல்லது தாண்டிக்கொண்டிருக்கிறாள். இதை விட்டு 22-இல் வந்தால், மேலே நல்ல பல் இரண்டைப் பிடுங்கி இடம் உண்டாக்கி, 18 முதல் 24 மாதம் கிளிப் போட வேண்டிவரலாம். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே உங்களிடம் இருக்கப்போவது 3 மாதம். அந்த அவசரத்தில்தான் சொத்தையே இல்லாத பல்லை ராவி, ரூட் கனால் செய்து, கேப் மாட்டிக்கொண்டு மணவறை ஏறுகிறார்கள். தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பல் வரிசைக்கு வராதீர்கள்.

அடுத்தது அடி. மேல்பல் கீழ்ப்பல்லைவிட 6 மி.மீ.க்கு மேல் முன்னால் நின்றால், விழுந்தால் முதலில் உடைவது அதுதான். உதடு மூடாததால் காப்பும் கிடையாது.

பிறகு மனசு. கேலியின் வலி மி.மீ. கணக்குக்குள் அடங்காது. லேசான கோணலுக்கே ஒடுங்கிப்போகும் பிள்ளை உண்டு, பெரிய தூக்கலோடு கவலையில்லாமல் திரியும் பிள்ளையும் உண்டு. அதனால் மருத்துவரிடம் போனால் நீங்கள் பேசாதீர்கள், அவளைப் பேச விடுங்கள். கடிப்பது கஷ்டமா, பேசுவதா, சிரிப்பதா என்று அவள் வாயால் வர வேண்டும். கிளிப் போட்டதும் தைரியம் வந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் 1981-இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரைச் சேர்த்து, 20 வருடம் கழித்து அவர்களில் கிடைத்தவர்களை மறுபடி பார்த்தார்கள். தேவைப்பட்டுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பல் அழகாக இருந்தது, அதில் திருப்தியும் இருந்தது; தன்னம்பிக்கையில் சிகிச்சையால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆகவே கேலியை வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். பல்லுக்கு எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் (பல் வரிசை, தாடையைச் சீராக்கும் மேற்படிப்பு) படித்தவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். அப்பத்தாவுக்கு இதை வாசித்துக் காட்டினாலும் சரி.

கிளிப் போட்டு 2 மாதம். ரப்பர் மஞ்சளாகிவிட்டது. முறுக்கு சாப்பிடவே கூடாதா? (10-ஆம் வகுப்பு மாணவன், பள்ளத்தூர்)

மஞ்சள் உங்கள் வீட்டுக் குழம்பு, தம்பி. கண்ணாடி நிற ரப்பர் நம் சமையலுக்குத் தாங்காது. அடுத்த முறை கருநீலமோ சாம்பலோ கேள். சீப்புச் சீடை, கடலை உருண்டை, கறி எலும்பு மூன்றும் கிளிப் கழற்றும் வரை கிடையாது. தேன்குழலைச் சின்னதாக ஒடித்துக் கடைவாயில் போட்டுக்கொள். வெள்ளைப் பணியாரம் தாராளமாக. பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயரப் பெயரச் சிகிச்சை நீளும். கம்பிக்குக் கீழே இடுக்கு பிரஷ் விடாவிட்டால், கழற்றிய பிறகு பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு நிற்கும். அது போகவே போகாமலும் இருக்கலாம்.

மகனுக்கு 17. கீழ்த்தாடை முன்னால் நிற்கிறது, அவன் அப்பச்சிக்கும் அப்படித்தான். (கானாடுகாத்தான்)

பரம்பரை. 8 வயதில் என்றால் மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் ஃபேஸ் மாஸ்க் என்ற சாதனம் உதவியிருக்கும். இப்போது அறுவைக்கு அவசரப்படாதீர்கள். பக்கவாட்டு எக்ஸ்ரே இன்று ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் வளர்ச்சி நின்றதாக அர்த்தம். இங்கேயும் கல்யாணத் தேதி உதவாது.

கிளிப் கழற்றி 2 வருடம். பல் மறுபடி கோணிவிட்டது. ரிட்டெய்னர் (பல் மறுபடி நகராமல் பிடித்து நிறுத்தும் சாதனம்) விடுதியில் தொலைந்துவிட்டது. (கல்லூரி மாணவி)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். முதல் வருடம் நாள் முழுக்க, பிறகு இரவில், பல் இருக்கும் வரை. சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துபோகும். விருந்தில் கழற்றி இலை ஓரம் வைத்தால் இலையோடு போகும். டப்பா எதற்குக் கொடுத்தார்கள்?

ஆன்லைனில் வாங்கிய ரப்பர் பேண்டை முன்பல் இரண்டையும் சுற்றிப் போட்டேன். இடைவெளி மூடிவிட்டது. ஆனால் ரப்பரைக் காணவில்லை, ஈறு வீங்கியிருக்கிறது. (வயது 19)

அது கீழே விழவில்லை. ஈறுக்குள் புகுந்து வேரைச் சுற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற ஏற எலும்பு கரையும், நல்ல பல் இரண்டும் ஆடி விழும். எக்ஸ்ரேயில் ரப்பர் தெரியாமல் போகலாம். அதனால் வெட்கப்படாமல் 'ரப்பர் போட்டேன்' என்று சொல்லுங்கள். ஈறு மருத்துவர் இருக்கும் இடத்துக்கு, இன்றைக்கே.