பாரம் அல்ல, காகிதம்

கேள்வி: மகளின் கல்யாண மாலையிலிருந்து ரோஜாவையும் மல்லிகையையும் எடுத்து, அகராதிக்குள் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மல்லிகை பழுப்பாகிவிட்டது, ரோஜாவில் பூஞ்சணம். அதைக் கொண்டு வாழ்த்து அட்டை செய்ய ஆசைப்பட்டேன். எங்கே தவறு?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: குழவியில் தவறில்லை. ஆனால் பாரம் பூவைத் தட்டையாக்கும், அவ்வளவுதான். ஈரத்தை உறிஞ்சுவது காகிதம். மாலைப் பூவில் கடைக்காரர் தெளித்த தண்ணீர் வேறு இருந்திருக்கும். பத்து நாளும் அதே பக்கத்தில் விட்டதால் பூ தன் ஈரத்திலேயே ஊறிக் கிடந்திருக்கிறது.

தாவரவியல் மாணவியாக இருந்தபோது எனக்கும் இது நேர்ந்தது. ஐப்பசி மழையில் சேகரித்த பதினெட்டுச் செடிகளை நாளிதழ்களுக்கிடையே அடுக்கி, விடுதியில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். நான்கு நாளில் திரும்பி வந்து பிரித்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு முதல் வாரத்தில் ஒரு நாளும் தாள் மாற்றாமல் நான் படுத்ததில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பளபளப்பான வார இதழ்த் தாள் உறிஞ்சாது. பழைய நாளிதழ் போதும். அச்சு மை பூவில் ஒட்டாதிருக்க இரு பக்கமும் வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மொத்தம் இரண்டு மூன்று வாரம் ஆகும். தொட்டால் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பூவைப் பனி காய்ந்தபின், காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் பறிப்பது நல்லது. மழைக்காலத்தில் அவசரமென்றால், தாளுக்கிடையே வைத்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் பத்து விநாடி அழுத்தி, ஆறவிட்டு, மறுபடி அழுத்தலாம்.

மல்லிகையை விட்டுவிடுங்கள் அம்மா. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது பழுப்பாகும். ரோஜாவை முழுதாக அழுத்தாமல் இதழ் இதழாகப் பிரித்து உலர்த்துங்கள். அட்டையில் அந்த இதழ்களையே மறுபடி பூவாக அடுக்கலாம். மகளின் மாலை என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

சுற்றிலும் வைக்கக் காகிதப்பூ இருக்கிறது. நாம் பூ என்று நினைக்கும் அந்த வண்ணப் பகுதி உண்மையில் இலையின் மாற்றுருவம்; பறிக்கும்போதே அதில் ஈரம் குறைவு. நடுவிலுள்ள சிறு வெள்ளைக் குழாய்தான் பூ, அதைக் கிள்ளிவிடுங்கள். கனகாம்பரமும் சங்குப்பூவும் மெல்லியவை, சீக்கிரம் உலரும். வாடாமல்லியை அழுத்தவே வேண்டாம்; காம்போடு கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டால் போதும்.

கேள்வி: செய்து வைத்த பூ அட்டைகளைப் பூச்சி அரிக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் திறக்காதீர்கள். உறை அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்தால்தான் பூவில் நீர் கோர்க்காது.