புது நாட்டில் மலச்சிக்கல்: நார்த்தூள் குடித்தும் போகவில்லை என்றால்

தம்பி, வந்து மூன்று வாரமாகியும் நாலு நாளுக்கு ஒருமுறைதான் போகிறது, நார்த்தூள் குடித்தால் வயிறு இன்னும் உப்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தத் தூளைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். இறுகிய மலம் கீழே அடைத்திருக்கும்போது மேலே நாரைக் கொட்டினால் வாயுதான் மிஞ்சும்.

தண்ணீர் குடி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் அதையும் கவனியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். அதற்கு மேல் லிட்டர் கணக்கில் குடித்தாலும் மலம் இளகாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது நேரத்தை. தூங்கி எழுந்ததும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான் பெருங்குடல் பலமாக அசையும். நேர வித்தியாசம் அதைக் குலைத்துவிடும். போதாததற்குச் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறோம், வழியில் முட்டினால் அடக்குகிறோம். அடக்கி வைத்த மலத்தின் ஈரத்தைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் கல்லாகத்தான் வரும்.

அரை மணி முன்னதாக எழுந்து, ஏதாவது சாப்பிட்டு, சூடாகக் குடித்துவிட்டு, 20–30 நிமிடத்தில் போய் உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் 10 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். போன் உள்ளே வரக் கூடாது. நாற்காலி போன்ற கழிப்பறை என்றால் காலடியில் 15–20 செ.மீ. உயர முக்காலி போட்டு முன்னால் சாயுங்கள். முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தால், மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளரும். மூச்சைப் பிடித்து முக்காதீர்கள், மூலத்தில் கொண்டுபோய் விடும்.

இப்போது அடைத்திருப்பதற்கு மருந்துக்கடையில் மேக்ரோகோல் என்ற மலமிளக்கி கேளுங்கள். குடலில் நீரைத் தக்கவைத்து 1–3 நாளில் இளக்கும். லாக்டுலோஸும் அப்படித்தான், ஆனால் வாயு கூடும். அவசரமென்றால் இரவில் பிசாகோடில் மாத்திரை 5 மி.கி.; 6–12 மணி நேரத்தில் வேலை செய்யும். பாலோடு விழுங்கினால் மாத்திரையின் மேலுறை முன்னதாகவே கரைந்து வயிறு முறுக்கும். பிசாகோடிலையே வாரக்கணக்கில் தொடர வேண்டாம்.

இளகிய பிறகு நாருக்குத் திரும்பலாம். நாளுக்கு 25–30 கிராம் இலக்கு. வாரத்துக்கு 5 கிராமாக ஏற்றுங்கள். இசப்கோல் ஒரு தேக்கரண்டிக்கு 250 மி.லி. தண்ணீர், கலக்கிய உடனே குடிக்க வேண்டும், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். தினம் இரண்டு கிவிப் பழமும் பலருக்கு நன்றாகக் கேட்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், கோடீன் கலந்த வலி மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? அவையும் மலத்தைக் கட்டும்; மருத்துவரிடம் மாற்றுக் கேளுங்கள்.

பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை போட்டுவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி வழிகிற கசிவாக இருக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, சோகை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மலமிளக்கி எதையும் தொடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.